ஒரு வாய்த் தீர்த்தம்

பாலிக் புலாவ் ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு கணவன், மனைவி. கணவர் வயிற்றில் கிருமி இருக்கிறதா என்று குழாய் விட்டுப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய், பார்க்காமலே திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“பச்சத் தண்ணிகூடக் குடிக்காதீங்கன்னு நர்ஸ் சொன்னாங்கல்ல?”

“அது தண்ணி இல்லலா, தீர்த்தம். ஐயர் கையில ஊத்துனாரு, எப்படி வேணாங்கறது?”

“இன்னைக்குன்னு பார்த்து எதுக்குக் கோயிலுக்குப் போனீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “பயமா இருந்திச்சு. எங்கப்பாவுக்கும் மொதல்ல வெறும் கேஸ்ட்ரிக்குன்னுதான் சொன்னாங்க.”

அந்தம்மா பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

“சாப்பிடுங்க. அடுத்த வாட்டி டெஸ்ட்ட முடிச்சிட்டு ரெண்டு பேருமே கோயிலுக்குப் போலாம்.”

“நீ சாப்பிட்டியா?”

“பாதிய வைங்க. நானும் உங்ககூடப் பட்டினிதான்.”