இடம் விடும் காரீயம்

"பொட்டாசியம் உள்ளுக்குப் போனா பென்சில் காரீயம் உடைஞ்சு போகாதோ, ஐயா?"

"போகாது, முத்துலிங்கம். தட்டுத் தட்டாய் இருக்கிற சாமான். விலகி இடம் விடும்."

"அப்ப இந்தக் கொழும்பு வெள்ளவத்தைச் சனத்தை விட நல்ல மனசு. ஒரு அறை வாடகைக்குக் கேட்டா, ஊர் எது, சாதி எது எண்டு ஆறு கேள்வி."

நான் சிரித்தேன். எனக்கு அவனைப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர். ஏழு வருடமாக ஆய்வுகூடத்தில் என் உதவியாளன்.

காரீயத் தூளையும் பொட்டாசியத்தையும் காற்றில்லாத கண்ணாடியில் சூடாக்குவோம். எட்டுக் கரி அணுவுக்கு ஒன்றாக உலோகம் தட்டுகளுக்கிடையே புகும். கறுத்த தூள் வெண்கல நிறமாகும். தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஆகவே அந்தப் பாத்திரங்களை நானே சுத்தம் செய்வேன். மற்றவற்றை "கழுவி வையும்" என்று அவனிடம் கொடுப்பேன்.

வீட்டில் நானும் தங்கை நேசமலரும் மட்டுமே. அவளுக்கு வந்த சம்பந்தங்களை, அவளுக்குச் சிரமம் கொடுக்காமல், நானே மறுத்துவந்தேன். மூன்று மாதமாக ஞாயிறுகளில் முத்துலிங்கம் வந்தான். குசினி வாசலில் இருவரும் மெல்லக் கதைப்பார்கள். நான் போனால் நிறுத்துவார்கள். அவள் வெள்ளைச் சாட்டின் துணியில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆருக்கு?"

"பொறுங்கோ அண்ணை. அவர் உங்களிட்டை ஒண்டு கேக்கவேணுமாம்."

எங்கள் சைவ ஆட்கள் வெள்ளையில் கலியாணம் முடிப்பதில்லை. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

அவன் அவளைக் கேட்டால் நான் மறுக்கவேண்டும். மறுத்தால் அவன் மனம் நோகும். அந்த நோவை அவனுக்குத் தர நான் விரும்பவில்லை.

புதன்கிழமை காலை, வெண்கலத் தூளைக் காற்றுப் படாமல் கபில நிறப் போத்தலுக்கு மாற்றினேன். அந்தக் கண்ணாடியில் உள்ளிருப்பதன் நிறம் தெரியாது. மூடியை இறுக்கி, அழுக்குப் போத்தல்களோடு வைத்தேன்.

"கழுவி வையும்," என்றேன். வழக்கமான சொல்தான்.

அவனுக்கு இரண்டு கண்ணிலும் இனிப் பார்வை வராது என்றார் டாக்டர். கட்டிலருகே நேசமலர் அழுதுகொண்டிருந்தாள். அவன் என் கையைத் தடவிப் பிடித்தான்.

"ஐயா, கன நாளாய்க் கேக்கப் பயந்தனான். கொட்டாஞ்சேனையிலை கொன்ஸ்ரன்ஸ் எண்ட பிள்ளையைக் கலியாணம் முடிக்கப் போறன். நேசமலர் அக்காதான் அவவுக்குக் கலியாணச் சட்டை தைக்கிறா. கண் போனாலும் அவ ஓம் எண்டிட்டா. வேதக்காரப் பிள்ளை, சேர்ச்சிலை கலியாணம் எண்டு என்ரை ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினம். தகப்பன்ரை இடத்திலை நீங்கள் வந்து நிப்பீங்களோ?"