மஜீத் இருந்த இடம்

உங்கள் ஸ்டேஷன் பெஞ்சு இவ்வளவு குட்டை என்று இன்றைக்குத்தான் தெரிகிறது, இன்ஸ்பெக்டர். இருபத்தாறு வருஷமாகக் கட்சிக்காரர்களை இதில் உட்காரவைத்துவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

கிரிமினல் வக்கீல் ஈஸ்வரமூர்த்தியைப் பாலக்காட்டில் தெரியாதவர்கள் இல்லை. சட்டத்தில் நான் சுமார்தான். என் பலம், சந்தையில் மூட்டை தூக்கிய சுடலை. சம்பவ நேரத்தில் என் கட்சிக்காரர் வேறெங்கோ இருந்ததை எப்போதும் அவன்தான் பார்த்திருப்பான். பதினோரு வழக்குகளில் பார்த்தான். ஜட்ஜுகளுக்கு ஞாபகசக்தி குறைவு, நான் பிழைத்தேன்.

போன வருஷம் ஒருநாள் பொழுது இறங்கும் நேரத்தில் சுடலை கல்பாத்தி ஆற்றங்கரையில் மண்டை உடைந்து கிடந்தான். அன்று மத்தியானம்தான் மளிகைக்கடை மஜீத், மூட்டையைக் கிழித்ததற்காக அவனை வெட்டிவிடுவேன் என்று சந்தையே கேட்கக் கத்தியிருந்தார். அவரைப் பிடித்தீர்கள். அவர் மனைவி ஜொஹரா என்னிடம் ஓடிவந்தார். மறுக்க மனசு வரவில்லை. வேறு வக்கீலிடம் போய் அலைவாரே.

மஜீத் என் காதோடு சொன்னார்: "பொழுது எறங்கறப்ப நான் சித்தூருக் கள்ளுக்கடையில இருந்தேனுங்க. அதைக் கோர்ட்டுல சொல்லிராதீங்க. அப்பறம் ஜொஹரா மூஞ்சியில எப்படீங்க முழிப்பேன்?"

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். சுதந்திரம் வந்து ஆறேழு வருஷமாகியும் நம் பாலக்காடு கோயமுத்தூரோடு ஒரே மாநிலம், மதுவிலக்கு; பக்கத்துச் சித்தூர் அடுத்த மாநிலம், அங்கே கடை உண்டு. விசாரிப்பது தொழில்முறை என்பதால் பஸ் ஏறிப் போனேன். கடைக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது.

"தொப்பிய மடிச்சு மடியில வெச்சுட்டு ஒரு பாய் வந்தாருங்க. ஒரு பாவப்பட்ட ஆளை வெட்டுவேன்னு சொல்லிப்போட்டேன்னு ஒரே அழுகை. இருட்டற வரைக்கும் எந்திரிக்கவே இல்லீங்க."

என் வாழ்நாளில் கைக்கு வந்த ஒரே நிஜமான சாட்சி. நிஜத்தை வைத்து வழக்கு நடத்தி எனக்குப் பழக்கமில்லை. அவரைக் கூப்பிடவில்லை.

தூக்குத் தீர்ப்பு வந்ததும் மஜீத் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மானம் போனாப் போகுது, இப்பச் சொல்லிருங்க வக்கீலய்யா" என்றார். ஹைகோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அங்கே புதுச் சாட்சியை லேசில் ஏற்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்று நாள் நான் சாப்பிடவில்லை.

ஹைகோர்ட்டும் தூக்கை உறுதி செய்தது. மாசியில் கோயமுத்தூர் ஜெயிலில் முடிந்தது.

நேற்று ஜொஹரா வந்து வாசலிலேயே நின்றார். "அவரு அன்னிக்கு எங்கதானுங்க இருந்தாரு? உங்களுக்குத் தெரியும். சொல்லாம நான் போகமாட்டேன்."

அந்த அம்மாளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ராத்திரி யோசித்தேன். மஜீத் குற்றமற்றவர் என்று காட்ட, அவர் எங்கே இருந்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் எங்கே இருந்தேன் என்று சொன்னால் போதும்.

நான் ஆற்றங்கரையில் இருந்தேன். பன்னிரண்டாவது வழக்குக்குக் கூப்பிட்டபோது சுடலை, "வேண்டாம்யா. பொய் சொல்லிச் சொல்லி வாய் நாறுது. ஜட்ஜய்யாகிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சிரப் போறேன்" என்று சொல்லியிருந்தான். சமாதானம் பேச வரச் சொன்னேன். முகம் கழுவக் குனிந்தான். ஆற்றில் கல்லுக்குப் பஞ்சமில்லை. அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை.

எழுதிவிட்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன். ஜொஹராவுக்குப் படித்துக் காட்டும்போது அந்தக் கள்ளுக்கடையை மட்டும் விட்டுவிடுங்கள். கட்சிக்காரருக்குக் கொடுத்த வாக்கை நான் மீறினேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.