சரிபார்க்கப்பட்டது

அரைகுறையாகப் பெயர் வைத்த ஃபைலைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்று போலீஸ்காரர்களான நீங்கள் சொன்னதால் நிதானமாக எழுதுகிறேன்.

என் பெயர் பரமசிவம். துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். கொல்கத்தாத் தமிழர்கள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் இணைய மன்றம் ஒன்றை ஒன்பது வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு, புத்தகம், பழைய போன்களில் ஓடும்படி மாற்றிய செயலிகள் எல்லாம் அதில் வரும். எது எந்தக் கருவியில் திறக்கும் என்று டேக், அதாவது அடையாளக் குறிப்பு, போடுவது என் வேலை. அதைப் படிக்காமல், 'என் போனில் வருமா சார்' என்று தினமும் கேட்பார்கள். எச்சில் தட்டில் கை வைத்ததுபோல் இருக்கும். ஆனாலும் பதில் சொல்வேன்.

ஹம்சினி போன வருடம் சேர்ந்தாள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. இந்த ஊரிலேயே வளர்ந்ததால், வங்காளிகள் சித்தப்பாவைக் கூப்பிடுவதுபோல் என்னைக் 'காக்கு' என்பாள். 'ஆண்ட்ராய்டு' என்று மொத்தமாகப் போட்டால் பிரயோஜனமில்லை. எந்த மாடல், எந்தப் பதிப்பு, யார் சோதித்தது என்று தனித்தனியாக டேக் வேண்டும் என்று மன்றத்தில் எழுதினாள். என் டேக்குகளில் நாற்பத்தொரு தவறுகளையும் பட்டியல் போட்டாள். பட்டியல் சரிதான், நான் மறுக்கவில்லை. எல்லோரும் அவளைக் கொண்டாடினார்கள்.

கரியாஹாட்டில் உறுப்பினர்கள் சந்தித்த அன்று, ஷிங்காரா என்கிற வங்காளச் சமோசாவை மென்றுகொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"காக்கு, மனசுல வெச்சுக்காதீங்கோ. உங்க டேக்கை நம்பித்தானே எல்லாரும் எடுக்கறா."

அவள் வாயிலிருந்து ஒரு துணுக்கு என் சட்டையில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையைக் குப்பையில் போட்டேன்.

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோய். கையில் ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். சர்க்கரை ரொம்ப இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், போனில் உள்ள ஒரு செயலி அலாரம் அடிக்கும். அவளுடைய பழைய போனில் அந்தச் செயலி ஓடுவது நின்றுபோயிற்று. அந்தச் சமயத்தில், பழைய போன்களுக்காக யாரோ மாற்றியமைத்த ஒன்று மன்றத்துக்கு வந்தது. நியூ டவுனில் இருக்கும் மன்ற உறுப்பினர் பட்டாபிராமன் அதைச் சோதித்துவிட்டு எனக்கு மட்டும் எழுதினார்: ஒரு குறிப்பிட்ட மாடலில், திரை அணைந்து பத்து நிமிஷமானால் அலாரம் அடிப்பதில்லை. அவர் உங்களிடம் காட்டிய கடிதம் உண்மையானதுதான். அந்த மாடல் ஹம்சினியுடையது. தன் போன் இன்ன மாடல் என்று அவளே அந்தத் தவறுகளின் பட்டியலில் எழுதியிருந்தாள்.

நான் 'சரிபார்க்கப்பட்டது' என்று டேக் போட்டேன். மாடல், பதிப்பு, தேதி எல்லாம் அவள் கேட்ட முறையிலேயே. எச்சரிக்கை போட்டாயிற்று என்று பட்டாபிராமனுக்குப் பதில் எழுதினேன். சற்று நேரத்தில் அவள் அதை இறக்கிக்கொண்டு, எனக்கு நன்றி எழுதினாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் துக்கம் கேட்கப் போனேன். அவள் அம்மா அலமு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்து ரூம்லதான் இருந்தேன். நன்னா தூங்கட்டும், அலாரம் அடிச்சா எழுப்பலாம்னு காதைத் தீட்டிண்டு உக்காந்திருந்தேன்."

அவள் மூக்கு ஒழுகி என் மணிக்கட்டில் பட்டது. கையை உருவிக்கொண்டு போய், அவர்கள் வீட்டுக் குழாயிலேயே மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கொல்ல நினைத்தீர்களா என்று கேட்டீர்கள். டேக்கை நம்பி ஏமாறுவது என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். அலாரம் அடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். துக்க வீட்டிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக, 'இந்த மாடலுக்கு ஆகாது' என்று அதைத் திருத்திவிட்டேன். அதற்குப் பிறகு வேறு யாருக்கும் ஒரு பாதிப்பும் வரவில்லை. இந்த அளவு பொறுப்போடு அந்த மன்றத்தைப் பார்த்துக்கொள்ள இனி யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.