ஆணியில் தொங்கிய சாவி

தலைமையேற்று மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, பாதுகாப்புப் பயிற்சியைச் சீரும் சிறப்புமாக நடத்திய பயிற்சியாளர் அவர்களே, முன்வரிசையை நிரப்பியிருக்கும் மூத்த தொழிலாளர்களே, பெட்டி கட்டும் பிரிவிலிருந்து பாதி வேலையில் எழுந்து வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் சங்கச் செயலாளர் என்ற முறையில் என் பணிவான வணக்கம்.

விபத்தே இல்லாத ஆண்டுக்காக நம் சோப்புத் தொழிற்சாலைக்குக் கேடயம் வந்திருக்கிறது. பாராட்டிப் பேசச் சொன்னார்கள். பாராட்டத்தான் வந்திருக்கிறேன்.

பயிற்சியாளர் அன்றைக்குப் பயிற்சியில் என்ன சொன்னார்? மின்கருவியில் கை வைக்கும் முன் சுவிட்சை அணையுங்கள், பூட்டுங்கள், சாவியைச் சட்டைப்பையில் போடுங்கள் என்றார். கூரை அதிரக் கைதட்டினோம். மறுநாளே பூட்டுகள் வந்தன. சிவப்புப் பூட்டு, சிங்காரப் பூட்டு, சின்னப்பிள்ளை கேட்டு அழும் பூட்டு. உடனே நமக்கொரு கவலை வந்தது. சாவி தொலைந்துவிட்டால்? ஒவ்வொரு பூட்டின் பக்கத்திலும் ஓர் ஆணி அடித்து, அதன் சாவியை அதிலேயே மாட்டினோம். அடடா, என்ன ஒழுங்கு, என்ன அழகு.

பின்வரிசையில் சிரிக்கிறவரே, அந்த ஆணிகளை அடித்ததே நீங்கள்தான்.

சென்ற வாரம், எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் தம்பி கலவை இயந்திரத்தின் மோட்டார் பெட்டியைத் திறந்து, கம்பிகளை முடுக்கிக்கொண்டிருந்தான். சுவிட்சைப் பூட்டியிருந்தான். சாவியை ஆணியில் மாட்டியிருந்தான். அப்போது வந்தார் இயந்திரம் ஓட்டுபவர். யார் அவர்? என் வீட்டுக்காரர். பூட்டைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், திறந்தார், சுவிட்சைப் போட்டார்.

"பூட்டியிருந்துச்சே, யாராவது உள்ள இருப்பாங்கன்னு யோசிக்கலையா?" என்று பிறகு கேட்டேன்.

"சாவி அங்கயேதானே தொங்குச்சு. வேலைய முடிச்சிட்டு மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் சுவிட்சில் கை வைத்த அதே நொடியில் தம்பியின் கழுத்தில் ஒரு கொசு கடித்தது. அதை அடிக்கக் கையை வெளியே இழுத்தான். மோட்டார் உறுமியது. பிழைத்துக்கொண்டான். அன்று இந்தத் தொழிற்சாலையில் விழிப்போடு வேலை பார்த்தது அந்தக் கொசு ஒன்றுதான். கேடயம் அதற்குத்தான் போய்ச்சேர வேண்டும். அதையும் தம்பி அடித்துக் கொன்றுவிட்டான்.

சிரிப்பு வருகிறது. எனக்கும் வந்தது, மூன்றாம் நாள். அதுவரை ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன்: அந்தக் கொசு வராமல் போயிருந்தால்? தம்பியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லியிருப்பார்கள். கொன்றது யார் என்று கேட்டால் என் வீட்டுக்காரரைக் காட்டியிருப்பார்கள். நான் யாருக்காக அழுதிருப்பேன்? யாரைச் சபித்திருப்பேன்? யார் வீட்டில் போய் இருந்திருப்பேன்?

மேலாளர் அவர்களே, காலையிலிருந்து ஆணிகளில் சாவிகளைக் காணவில்லை என்று ஆள்விட்டுத் தேடினீர்களாம். தேட வேண்டாம், என் கைப்பையில் இருக்கின்றன. அவசரத்துக்கு யாரிடம் கேட்பது என்கிறீர்களா? அவசரப்படுகிறவர் கைக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காகத்தானே ஐயா பூட்டே வாங்கினோம்?

எலக்ட்ரீஷியன்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வாருங்கள். முதலில் என் தம்பி. வாடா, வெட்கப்படாதே. இந்தா, பையில போடு. வேலை முடியிற வரைக்கும் யாருக்கும் குடுக்காதே. மேலாளர் கேட்டாலும் குடுக்காதே. மாமா கேட்டாலும் குடுக்காதே. நாளைக்கு அவசரம்னு இந்த அக்காவே வந்து கை நீட்டினாலும் குடுக்காதே.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி கூறி, சாவிகளைக் கொடுத்து முடித்ததும் அமர்கிறேன். வணக்கம்.