அடிக்கட்டையில் எட்டு ஓட்டை

பெனிஷா: டார்ச்சை இன்னும் கொஞ்சம் கீழ புடிங்கண்ணே. கதவுக்கு நேர் அடியில.

பொன்னுரங்கம்: அங்க இன்னாம்மா கீது? மேல பாரு. பெயின்ட்டு சும்மா கண்ணாடி மாரி கீது.

பெனிஷா: பெயின்ட்டைப் பார்க்க நான் எதுக்கு? வண்டி சொந்தக்காரரு சுயம்பு அண்ணாச்சி ஃபோட்டோ அனுப்பியிருந்தா போதுமே.

பொன்னுரங்கம்: நல்ல துணி கட்டிக்கினு தரையில பட்த்துக்கினு கீறியே, அத்த சொன்னேன். இது கோடவுனு. எலிப்புழுக்கை கூட கீது.

பெனிஷா: எலி எனக்குப் பழக்கம்ணே. எங்கப்பாவுக்கு மண்டியில வியாபாரம்.

பொன்னுரங்கம்: மண்டிக்காரர் வூட்டுப் பொண்ணு பழைய காருக்கு வெல போட வந்துட்ட…

பெனிஷா: அதைத்தான் எங்கப்பாவும் கேக்காரு. இந்தப் பக்கம் வெளிச்சம். இது முப்பத்தாறாம் வருசத்து மோரிஸ். இன்ஜினும் இரும்பு ஷாசியும் கப்பல்ல வந்துச்சு. மேல பாடியை இங்க மெட்ராஸ்லயே தேக்குல கட்டி, தகரம் போத்துனாங்க. தகரம் நசுங்குனா தட்டி நிமித்திரலாம். உள்ள மரம் போச்சுன்னா…

பொன்னுரங்கம்: போச்சுன்னா?

பெனிஷா: கார் போச்சு. இந்த ஸ்க்ரூ டிரைவர் எவ்வளவு உள்ள போகுதுன்னு பாருங்க. கைப்பிடி வரைக்கும் போகுது.

பொன்னுரங்கம்: தண்ணி பட்டிருக்கும். பதினஞ்சுல வெள்ளம் வந்துச்சே.

பெனிஷா: இந்தக் கட்டை வெள்ளத்துக்கு அப்புறம் மாத்துனது. ஆறு வருசம்கூட ஆகலன்னு அண்ணாச்சி சொன்னாரு. அதுவும் வெளிப்பக்கம் காஞ்சிருக்கு. உள்ளதான் மக்கியிருக்கு. யாருண்ணே இந்த மரவேலை பார்த்தது?

பொன்னுரங்கம்: யாரோ மீன் புடிக்கிற போட்டு கட்ற ஆளு. முகத்துவாரக்குப்பம்.

பெனிஷா: பேரு?

பொன்னுரங்கம்: இன்னாத்துக்கு அது… அந்த ஆளு செத்துட்டாம்மா.

பெனிஷா: எப்போ?

பொன்னுரங்கம்: அது ஆச்சு… அஞ்சாறு வருசம்.

பெனிஷா: நல்ல கைக்காரர். ரெண்டு கட்டை சேர்ற இடத்துல ஒரு முடிகூட நுழையாது. மேல்சட்டம் எல்லாம் நேத்து போட்ட மாதிரி இருக்கு. நூறு கார் பார்த்திருப்பேன், இப்படி ஒரு இழைப்பு பார்த்ததில்ல.

பொன்னுரங்கம்: மெய்யாலுமா சொல்ற?

பெனிஷா: பொய் சொன்னா எனக்கு எவன் சம்பளம் குடுப்பான்? ஆனா இங்க கையை வைங்க. தடவுங்க. என்ன தெரியுது?

பொன்னுரங்கம்: மர முளை.

பெனிஷா: இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. ஓட்டையில முளையடிச்சு, பஞ்சு சுத்தி, மேல குங்கிலியம் ஊத்தியிருக்காரு.

பொன்னுரங்கம்: பின்ன? அடியில ஓட்டைய வச்சிக்கினு வெளிய அனுப்புவாங்களா?

பெனிஷா: போட்டுக்கு அடைக்கணும்ணே. இது கார். மழை பெய்ஞ்சா கண்ணாடி இறங்குற சந்து வழியா தண்ணி உள்ள போகும், அடிக்கட்டை மேல விழும், இந்த எட்டு ஓட்டை வழியா ஒழுகிரும். அதுக்காக வச்ச ஓட்டை. அடைச்சா தண்ணி போக வழி இல்ல. அஞ்சு மழைக்காலம் உள்ளயே நின்னிருக்கு.

பொன்னுரங்கம்: நானு… அந்த ஆளு, தண்ணி உள்ள வரக்கூடாதுன்னுதான் அடைச்சிருப்பாரு.

பெனிஷா: டார்ச்சை நோட்டு மேல காட்டுங்க, எழுதணும்.

பொன்னுரங்கம்: இப்ப நீ இன்னா எழுதப்போற?

பெனிஷா: உள்ளதைத்தான். அடிக்கட்டை ரெண்டும் போச்சுன்னு.

பொன்னுரங்கம்: எழுதுனா?

பெனிஷா: அண்ணாச்சி அடுத்த மாசம் தூத்துக்குடிக்கு மக வீட்டோட இருக்கப் போறாரு, அதான் வண்டியை விக்காரு. கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் பன்னெண்டு லட்சத்துக்கு எடுத்து, வச்சு ஓட்டணும்னு கேக்காரு. மரம் திடமா இருக்குன்னு நான் எழுதுனாத்தான். இல்லன்னா கழட்டி விக்கிறவன்தான் வருவான். லைட்டு தனி, இன்ஜின் தனி, சக்கரம் தனி.

பொன்னுரங்கம்: மிச்சத்த?

பெனிஷா: அறுத்து எடைக்குப் போட்ருவான்.

பொன்னுரங்கம்: அய்யோ, வாணாம்மா. அண்ணாச்சி டெய்லி காலைல கடைக்குப் போறதுக்கு முன்ன இங்க வந்து, இத்த ஸ்டார்ட் பண்ணி, இது ஓடுற சத்தத்த கேட்டுக்கினே டீ குடிப்பாரு. அப்பாலதான் கடை ஷட்டரைத் தூக்குவாரு. போன வாரம் இன்னா சொன்னாரு தெரியுமா? நான் செத்தாலும் இது எங்கியோ ஓடிக்கினு இருக்கணும், அது போதும்னாரு.

பெனிஷா: எங்கிட்டயும் போன்ல ஒண்ணு சொன்னாரு.

பொன்னுரங்கம்: இன்னா?

பெனிஷா: "சாவி பொன்னுரங்கத்துக்கிட்ட இருக்கு. மரவேலையும் அவன்தான் பார்த்தான். அதுல நீ குறை கண்டுபிடிக்க முடியாது, பெயின்ட்டை மட்டும் பாரு"ன்னாரு. நீங்க அவர் செத்துட்டாருன்னு சொன்னீங்க.

பொன்னுரங்கம்: அப்டி சொன்னா கேள்வி அத்தோட நின்னுடும்னு பாத்தேன்.

பெனிஷா: உங்களை மாட்டிவிட நான் வரலண்ணே.

பொன்னுரங்கம்: ஒரு வாரம் குடும்மா. ரெண்டு கட்டையும் எடுத்துட்டு புதுசா போட்டுர்றேன். தேக்கு எங்கிட்டயே கீது. துட்டு வாணாம். அண்ணாச்சிக்கு மட்டும் தெரிய வாணாம்.

பெனிஷா: மறைக்க மாட்டேன். கட்டை போச்சு, மாத்தியாச்சுன்னு எழுதத்தான் செய்வேன். ஆனா மாத்துன பிறகு எழுதறேன். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து திருப்பிப் பார்ப்பேன். திடமா இருந்தா அந்தக் கோயமுத்தூர்க்காரர் எடுத்துக்குவாரு.

பொன்னுரங்கம்: நீ நல்லா இருக்கணும்மா.

பெனிஷா: அந்த எட்டு ஓட்டையும் இருக்கணும். அதே இடத்துல, அதே அளவுல.

பொன்னுரங்கம்: கட்டையை நான் போட்டுர்றேன். ஓட்டைய… நம்ம மெக்கானிக் வெற்றிகிட்ட சொல்லி போட்டுக்கோ.

பெனிஷா: ஏன்? ரெண்டு நிமிச வேலை.

பொன்னுரங்கம்: ரெண்டு நிமிசமோ ஒரு நிமிசமோ. நான் போட மாட்டேன்.

பெனிஷா: கோவமா?

பொன்னுரங்கம்: உம்மேல எனக்கு இன்னாம்மா கோவம்.

பெனிஷா: வெற்றிகிட்ட நான் காலையிலயே பேசிட்டேன். நீங்க புதுக் கட்டை போட்டப்பவே எட்டு ஓட்டையும் போட்டு, சுத்தி சாக்பீஸ்ல வட்டம் போட்டு, இதை அடைச்சுராதீங்கன்னு உங்ககிட்ட சொன்னேங்காரு.

பொன்னுரங்கம்: சொன்னான். அவன் மேல தப்பு இல்ல. மூணு தபா சொன்னான். நானும் சரி சரின்னு தலையாட்டுனேன்.

பெனிஷா: அப்ப தெரியாம அடைக்கல.

பொன்னுரங்கம்: தெரிஞ்சேதான்.

பெனிஷா: தண்ணி நிக்கும்னு தெரிஞ்சேவா?

பொன்னுரங்கம்: போட்டு கட்றவனுக்குத் தண்ணி எங்க நிக்கும்னு சொல்லியா தரணும்?

பெனிஷா: சரிண்ணே. ஓட்டையை நானே போடறேன். டிரில் வண்டியில இருக்கு. உங்க பேரு ரிப்போர்ட்ல எங்கயும் வராது. ஏன் அடைச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க. எழுத இல்ல.

பொன்னுரங்கம்: அண்ணாச்சிகிட்ட கூட நான் சொன்னதில்ல.

பெனிஷா: வீட்டுல?

பொன்னுரங்கம்: எம் பொஞ்சாதி குணசுந்தரிக்கும் தெரியாது. அவகிட்ட எப்டி சொல்வேன்…

பெனிஷா: கஷ்டமா இருந்தா வேணாம்ணே.

பொன்னுரங்கம்: டார்ச்ச அணைச்சிர்றேன்மா. வெளிச்சத்துல சொல்ல வராது… எம் புள்ள மணிக்கு மீன் புடிக்கிற ஃபைபர் போட்டு ஒண்ணு இருந்துச்சு. அதுல அடியில ஒரே ஒரு ஓட்டை கீது. கரையில ஏத்தி கழுவுனா அதுவழியா தண்ணி போவும். கடல்ல எறக்குறப்ப மூடி போட்டு திருகணும். அன்னிக்கு கழுவுனது நானு. போட்ட கடல்ல தள்ளிக்கினே, "நைனா, மூடி போட்டியா"ன்னு கேட்டான். நான் வலையில சிக்கு எடுத்துக்கினு இருந்தேன். திரும்பிகூட பாக்கல, "போட்டேன்டா"ன்னேன். வலைக்கு அடியில தண்ணி ஏறுனது அவனுக்குத் தெரியல. முகத்துவாரத்துல கவுந்துச்சு. ஊரே அலைதான் கவுத்துச்சுன்னுது. நானும் ஆமான்னேன். மூடி என் ஜோபில இருந்துச்சும்மா. அவன் செத்து மூணாம் மாசம் அண்ணாச்சி வூட்டாண்ட வந்து, குந்திக்கினே கெடக்காதன்னு இட்டாந்து இந்த வண்டிய காட்னாரு. கட்டைய மாத்திட்டு அடியில பாத்தா, வெற்றி போட்ட எட்டு ஓட்டை. ஒவ்வொண்ணா முளை அடிக்கிறப்ப அவன் கேட்டுக்கினே கீறான், நைனா போட்டியா, நைனா போட்டியான்னு. எட்டு தபாவும் சொன்னேன்மா, போட்டுட்டேன்டான்னு.