அழித்த பின்னும் இருந்த நாலு வரி

தலைமைக் கதிரையை அணிசெய்யும் ஞானசேகரம் ஐயா அவர்களே! நமது நூலை அச்சேற்றித் தர முன்வந்து, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கலீலுர் றஹ்மான் நானா அவர்களே! கணனி வகுப்பு நடத்தும் தம்பி ஆனந்தராசா அவர்களே! இறக்கக்கண்டியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த தாய்மாரே, பெரியோரே! எல்லாருக்கும் என் பணிவான வணக்கம்.

இன்று காலை எழுந்ததும், முகம் கழுவமுன், நான் கணனியைத்தான் திறந்தேன். ஏன்? தம்பி ஆனந்தராசாவைப் பகிடி பண்ண!

சிரிக்கிறீர்கள். உண்மைதான். நூல் பதிந்த கணனி வட்டை அச்சகத்திடம் கையளிக்கும் இந்த விழாவில், நெடிய நூலைக் கணனியில் தட்ட ஏற்றது சொற்செயலியா, குறிமொழியா என்று பேசச் சொன்னார்கள். தம்பி குறிமொழியின் பக்கம், நான் சொற்செயலியின் பக்கம். நாலு தாள் எழுதியும் வைத்திருந்தேன்.

எப்படி அதன் பக்கம் நில்லாதிருப்பேன்? கரையோரத்து அறுபத்துமூன்று குடும்பங்கள் இடம்பெயர்ந்த கதைகளை, நானூற்றுப் பத்துப் பக்கங்களை, நானும் புஸ்பராணி அக்காவும் அதில்தானே தட்டினோம்? முப்பது வருடம் அரச அலுவலகமான கச்சேரியில் தட்டச்சுப் பொறியோடு மல்லுக்கட்டிய அக்கா, திரையில் தமிழைக் கண்ட அன்று என்ன சொன்னா? "எடியேய், கடுதாசியில இருக்கிற மாதிரியே எல்லோ இருக்குது!" கண்டபடி எழுதலாம், எழுதியபடி காணலாம். அந்த மகிழ்ச்சி சின்ன மகிழ்ச்சியா?

தம்பியின் குறிமொழிக்கு அந்த அழகில்லை. வெறும் எழுத்து. தலைப்பு வந்தால் இது தலைப்பு என்று ஒரு குறி. பந்தி வந்தால் இது பந்தி என்று இன்னொரு குறி. பெரிதாக்குவது, தடிப்பாக்குவது எல்லாம் பிறகு, ஒரே இடத்தில். போன மாதம் தலைவர் தலைப்புகளைச் சிறிதாக்கச் சொன்னார். அறுபத்துமூன்றையும் ஒவ்வொன்றாய்ப் பிடித்துச் சிறிதாக்கினோம். இரண்டு தப்பிவிட்டன. "ரீச்சர், இந்த ரெண்டு குடும்பமும் பெரிய இடமோ?" என்று றஹ்மான் நானா கேட்டார். ஓம் நானா, இப்போதும் சிரிக்கிறீர்கள்! அன்றும் நான் மனம் மாறவில்லை.

முந்தநாள் ஒரு தாய் வந்தார். பேர் சொல்லமாட்டேன், ஊர் சொல்லமாட்டேன். "பிள்ளை, என்ர மகன் எங்க இருக்கிறான் எண்டு சொன்னனான் எல்லோ, அந்த நாலு வரியையும் எடுத்துவிடுங்கோ. அவன் உயிரோட இருக்கவேணும்." அவர் பார்த்திருக்கவே அழித்தேன். வெறுமையான இடத்தைத் திரையில் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்று காலை அதே கோப்பைத் தம்பி சொல்லும் சாதாரண எழுத்து நிரலில் திறந்தேன். அதில் நம் தமிழ் எழுத்துரு இல்லாததால், தட்டிய தமிழ் ஆங்கில எழுத்துகளாய்ச் சிதறித்தான் தெரியும். "பாருங்கள், தம்பி கேட்கும் அழகு இதுதான்!" என்று ஒரு தாள் எடுத்து இங்கே காட்ட நினைத்தேன். ஆனால் ஆறு வருடம் அந்த விசைகளைத் தட்டியவளுக்கு அந்தச் சிதறலும் வாசிக்கத் தெரியும். வாசித்தேன். கோப்பின் அடியில் அந்த நாலு வரி! பிள்ளையின் பெயர். வீட்டின் அடையாளம். அழித்தேனே! அழிந்ததைக் கண்டேனே! சேமிப்பு விரைவாய் முடியட்டும் என்று சொற்செயலியில் நாம் விட்டுவைத்த வசதி, அழித்ததை மறைத்ததே தவிர எறியவில்லை. என் கண்ணை நம்பி அந்தத் தாய் போனார். என் கண்ணோ திரையை நம்பியது.

பின்னால் யாரது? "இப்ப சமாதானம்தானே ரீச்சர்?" ஓம் ஐயா, இன்றைக்குச் சமாதானம். நாளைக்கு? அச்சுத் தகடு எடுக்கக் கொழும்பு போகும் வட்டு எத்தனை சோதனைச் சாவடி கடக்கும்? எத்தனை கை மாறும்?

தம்பி கையுயர்த்துகிறார். "வேற பெயரில சேமிச்சாப் போயிடும் ரீச்சர்." போகலாம் தம்பி. நீங்கள் சொன்னால் நான் நம்புவேன். ஆனால் "போகலாம்" என்ற சொல்லை ஒரு தாயின் கையில் கொடுக்க என்னால் ஏலாது. திறந்தால் உள்ளது முழுவதும் தெரியவேண்டும். தெரியாதது உள்ளே இருக்கக்கூடாது. நான் ஏளனம் செய்த அந்த வெறும் எழுத்துக்கு இருக்கும் நேர்மை அதுதான்.

தலைவர் அவர்களே, தை மாதம் வெளியீடு என்று நாள் குறித்துவிட்டீர்கள். நானா கடுதாசி வாங்கிவிட்டார். இருவரும் பொறுத்தருள வேண்டும். பொறுமையோடு கேட்ட சபைக்கும் நன்றி கூறி, கைகூப்பி, இந்த நிமிடம் வரை புஸ்பராணி அக்காவுக்கும் சொல்லாததைச் சொல்லி அமர்கிறேன். கையளிக்க வட்டு இல்லை. காலையில் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். வீட்டுக் கணனியையும் தம்பி இன்றே முழுதாய்த் துடைத்துத் தரவேண்டும். அழித்த பின் அச்செடுத்த, அந்த நாலு வரி இல்லாத தாள்பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு, நானூற்றுப் பத்துப் பக்கத்தையும் குறிமொழியில், முதல் எழுத்திலிருந்து, நாளைக்கே நான் தட்டத் தொடங்குகிறேன்.