ஒரு கல்லு, ஒரு படம்

கையக் காட்டுங்க தம்பி. சும்மா காட்டுங்க. சேறு ஒட்டியிருக்குல்ல? கல்லு பொறுக்கின கை அது. இல்லேன்னு சாதிக்காதீங்க, என் ரெண்டு கண்ணால பாத்தேன்.

கத்தாம எப்படிப் பேசுறது? உள்ள, பறவை பாக்குற குடில்ல இருந்தவரைக்கும் வாயத் தொறக்கல. பேசக்கூடாதுன்னு பலகை மாட்டியிருக்கு, மதிச்சேன். இப்பத்தான் வெளிய வந்தாச்சே. இந்த மரப்பாலத்துல கத்தலாம்.

சின்னக் கல்லா? அதுசரி, உங்களுக்குச் சின்னக் கல்லு. அந்தப் பறவைங்க எத்தனையோ நாட்டத் தாண்டி வந்து, எலும்பும் தோலுமா எறங்கியிருக்கு. சேத்துல மூக்க விட்டு இப்பத்தான் நாலு புழு தின்னுட்டிருந்துச்சு. உக்காந்திருந்தா படம் நல்லாயில்லையாம், பறந்தாத்தான் அழகாம்! நீங்க சோத்துல கை வச்ச நேரத்துல ஒருத்தன் வந்து கல்ல விட்டெறிஞ்சு, எந்திரிச்சு ஓடுங்க, நான் படம் எடுக்கணும்னா சும்மா இருப்பீங்களா?

நான் காவல்காரன் இல்ல. பறவை தெரிஞ்ச ஆளும் இல்ல. நாரை எது கொக்கு எதுன்னே எனக்குத் தடுமாறும். சிரிக்காதீங்க, எரியுது.

பின்ன எதுக்கு இவ்ளோ கோவமா? குடில்ல என் பக்கத்துல நீலச் சால்வை போட்டு ஒரு அம்மா இருந்தாங்களே, பாத்தீங்களா? பறவைக் கூட்டம் மொத்தமாக் கெளம்பினதும் பைனாகுலர உறையில போட்டு எந்திரிச்சுட்டாங்க. இனிமே பாக்க என்ன இருக்கு? அதோ, பாலத்து முனையில, காருங்க நிக்கிற பக்கமாப் போறாங்க.

எம்பொண்ணு அவ.

பேச்சுவார்த்தை கெடையாது. அவங்கம்மாவக் கடைசி நாள்ல ஆஸ்பத்திரியிலயே வச்சுக்கணும்னு அவ, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு நான். கூட்டிட்டு வந்துட்டேன். செஞ்சது சரின்னுதான் இன்னைக்கும் சொல்வேன். அவளும் விடமாட்டா, என் பிடிவாதம் அப்படியே வந்திருக்கு. வேற எங்க பாத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்குவா. இந்தக் குடில்ல மட்டுந்தான், பேசாம இருந்தாலும் யாருக்கும் வித்தியாசமாத் தெரியாது. அதனால பறவை வர்ற சீசன்ல அவளும் வருவா, நானும் வருவேன். பிளாஸ்க்கோட ரெண்டு கப்பு எடுத்துட்டு வருவா. ஒண்ணு எனக்குன்னு சொல்லமாட்டா, டீய ஊத்தி எம்பக்கம் தள்ளி வைப்பா. பறவை இருக்கிறவரைக்கும் உக்காந்திருப்பா. எனக்கு அவ்ளோதான் கெடைக்குது.

மன்னிப்பா? அத வச்சு நான் என்ன பண்றது? ஓடுங்க. காலு நல்லாத்தான இருக்கு, ஓடிப்போய் அவளப் புடிங்க. கொஞ்ச நேரத்துல எல்லாம் திரும்ப வந்து எறங்கிடும், இருந்து பாத்துட்டுப் போங்கன்னு சொல்லுங்க. வருமா வராதான்னு எனக்கும் தெரியாது. நீங்க தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க.

நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.